நிவாரண அட்டையின் நாலாவது வரி

செத்து ஐந்து வருடமான மனிதருக்குப் புதிதாக ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வரலாமா? ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்த சற்குணத்தின் அப்பாவுக்கு வந்தார்கள். 2004 பங்குனியில், வவுனியாவிலிருந்து வந்த தடித்த உறைக்குள் இருந்தார்கள்.

உறையில் மூன்று தாள்கள். ஒன்று, சிவகாமி என்ற பெண் எழுதிய கடிதம். சண்டை நின்று பாதை திறந்துவிட்டது, யாழ்ப்பாணம் திரும்பி ஐயாவின் காணியில் குடியேற விரும்புகிறோம், வீடு கட்டும் உதவி வாரிசுகளுக்கு மட்டும்தானாம் என்று எழுதியிருந்தாள். இரண்டாவது, இறந்தவரின் பிள்ளைகள் எல்லோர் பெயரையும் மூத்த பிள்ளை எழுதிக் கையெழுத்திட வேண்டிய படிவம். மூன்றாவது, இடம்பெயர்ந்தவர்களுக்கு வன்னியில், மல்லாவியில் கொடுத்த நிவாரண அட்டையின் பிரதி. குடும்பத் தலைவர் அருட்செல்வம், சற்குணத்தின் அப்பா. மனைவி சிவகாமி. மகன் கீர்த்தனன். மகள் துஷாரா.

சற்குணம் ஒரே பிள்ளை. அம்மா 1988இல் இறந்துபோனார். இடம்பெயர்ந்த பிறகு அப்பா தனியாக இருக்கிறார் என்றுதான் 1986இல் ஒஸ்லோவுக்கு வந்த சற்குணம் கடைசிவரை நினைத்திருந்தார்.

"உங்கட அப்பா என்னோட தலையை நிமித்திக் கதைக்காத மனுசன்" என்று சிரித்தாள் மனைவி புஷ்பமலர். "அது மரியாதையெண்டெல்லோ நினைச்சனான்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, காணியில் இருக்கட்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதாதா, பிள்ளைகள் என்று ஏன் எழுதவேண்டும் என்று கேட்டாள். போதாது. படிவம் பிள்ளைகளைத்தான் கேட்டது. சற்குணத்துக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஐம்பது வயதில் தனக்கொரு தம்பியும் தங்கச்சியும் இருக்கிறார்களா, இல்லையா?

ஒஸ்லோவிலேயே ரொம்சோஸில் இருந்த இந்திரகுமார் முன்பு மல்லாவிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணம் அளந்தவர். சற்குணம் பிரதியை அவரிடம் கொண்டுபோனார். இந்திரகுமார் தேத்தண்ணியைத் தள்ளிவைத்துவிட்டு, பழைய சினேகிதனைக் கண்டதுபோல அந்தத் தாளைத் தடவினார்.

அட்டை வேலை செய்யும் விதத்தை அவர் விளக்கினார். ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. தலைக்கு இவ்வளவு அரிசி, மா, பருப்பு, சீனி. தனி ஆளின் பங்கு இரண்டு கிழமைக்கே காணாது. நாலு பேர் ஓர் அடுப்பில் சமைத்தால் மாதம் ஓடிவிடும். ஆனால் உறவு என்ற கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுத முடியாது. புருசன் காணாமல்போன பெண்கள் தங்கள் பெயரில் அட்டை எடுப்பதென்றால், பழைய ஊர்க் கடைப் பதிவில் முதலில் அவன் பெயரை வெட்டவேண்டும், அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொள்வதுபோல. அதற்குப் பலர் சம்மதிக்கவில்லை. அதனால் ஒரே கொட்டிலில் ஒதுங்கியவர்கள் ஒரே அட்டையில் ஏறினார்கள். கிழவர்கள் தகப்பன்மாரானார்கள், மச்சாள்மார் மனைவிமாரானார்கள்.

"இது ஆர் ஆரோட சாப்பிட்டதெண்டு காட்டுற காட் அண்ணை" என்றார் இந்திரகுமார். "ஆர் ஆருக்குப் பிறந்ததெண்டு காட்டாது."

சற்குணத்துக்கு மூச்சு வந்தது. ஒரு நிமிடம்தான். அவருக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. எந்த அட்டவணையையும் கடைசிக் கட்டம் வரை பார்த்துப் பழகிய கண். வலது ஓரத்தில் பதிந்த திகதி இருந்தது. முதல் மூன்று வரிக்கும் 1996 ஆவணி. நாலாவது வரிக்கு, வேறு மையில், 1998 வைகாசி.

"இது?"

இந்திரகுமாரின் விரல் அந்த இடத்தில் நின்றது. பிறகு சேர்த்தால், அது பெரும்பாலும் புதிதாகப் பிறந்த பிள்ளை என்றார். பிறப்புச் சான்றிதழ் பார்த்தார்களா என்று சற்குணம் கேட்டார். குண்டு விழுந்த காலத்தில் சான்றிதழ் ஏது, மருத்துவிச்சி தந்த துண்டுத்தாள்தான். அதில் தாயின் பெயர் மட்டும் இருக்கும். தாய் தகப்பனை இழந்த பிள்ளையைச் சேர்த்ததாகவும் இருக்கலாம், அப்படியும் நடந்தது.

"அப்ப எது?"

"ஒரு நாளைக்கு நானூறு காட் பாத்தனான் அண்ணை. முகங்கள் ஞாபகமில்லை."

சிவகாமி கடிதத்தில் வவுனியாத் தொலைபேசிக் கடையொன்றின் இலக்கம் தந்திருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் நாலு மணிக்கு அங்கே நிற்பாளாம். ஒஸ்லோவில் மதியம் நெருங்கும் நேரத்தில் சற்குணம் அழைப்பு எடுத்தார். எப்படிக் கேட்பதென்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்திருந்தார். குரல் கேட்டதும் மூன்றும் போய்விட்டன. அப்பாவின் கடைசி நாட்களைக் கேட்டார். காய்ச்சல் என்றாள். கொள்ளி வைத்தது கீர்த்தனன் என்றாள். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"துஷாரா ஆற்ர பிள்ளை, தங்கச்சி?"



"என்ர அவர் தொண்ணூற்றாறு சித்திரையில காணாமல்போனவர் அண்ணை. வந்தால் முதல்ல அவருக்குத்தான் சொல்லோணும். அவருக்குச் சொல்லாததை உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?" பிறகு, கோபம் இல்லாமல், "காணிக்கு நீங்கள் கையெழுத்து வைக்காட்டில் பரவாயில்லை" என்றாள்.

சற்குணம் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தார். மூத்த மகன் என்று தன் பெயரை எழுதினார். அதன்கீழே கீர்த்தனனை எழுதினார், அது வேகமாக வந்தது. மூன்றாவது பெயரைப் பாதியில் நிறுத்தி, பேனையை வைத்துவிட்டு ஜன்னலடிக்குப் போய்வந்து, மீதியை எழுதினார். கையெழுத்தும் வைத்தார்.

புஷ்பமலர் தோளுக்கு மேலால் வாசித்தாள். "அப்ப அந்தப் பிள்ளை எங்களுக்கு என்ன முறை?"

"தங்கச்சி."

"உண்மையாவோ?"

"தெரியாது" என்றார் சற்குணம், உறையை ஒட்டியபடி.