தாய்மாமன் வீட்டுப் பாசி

பெயர் கெஞ்செபெக் என்றாலும் அந்த மனிதர் வாழ்நாளில் யாரிடமும் எதற்கும் கெஞ்சியதில்லை. கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் பாதிப் பேரின் கடைவாய்ப்பல் அவர் கையால் கழன்றது. நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவர்களிடம், "மருந்து மாத்திரைன்னு எங்கிட்ட வராதே. தினம் ரெண்டு வேளை தேய். சோம்பேறிக்கு மருந்து கிடையாது" என்று வருடக்கணக்காக ஒரே பாட்டைப் பாடி வருகிறார். உபதேசம் ஊருக்குத்தான்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் இருந்தது. எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைக் காண நாள்கணக்கில் போக வேண்டிய ஊரில், ஏழாவது மாடியில், சோபா நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. வடிகட்டிய தண்ணீரில் உப்பை அளந்து கலக்கி அவரே செய்த கடல் அது. நடுப் பாறையில் ஒரு பவளம். தீப்பந்தப் பவளம் என்பார்கள். விரல் விரலாக நீண்டு, நுனியெல்லாம் பொன்னாக, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். கட்டைவிரல் அளவில் வாங்கியது, அவர் கண்ணெதிரே முட்டைக்கோஸ் அளவுக்குப் பெருத்தது. யார் வந்தாலும் தேநீர் ஊற்றுவதற்கு முன்னால் அதைக் காட்டிவிடுவார்.

இந்த வருடம் யாருக்கும் காட்டவில்லை. பாசி வந்துவிட்டது.

முடிப்பாசி. சீப்பு வைத்து வாரலாம் போல அடர்த்தி. பின்கண்ணாடியில் ஒரு கொத்து முளைத்தபோது, பச்சையாக நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டார். குளிர் தொடங்குவதற்குள் பாறை முழுக்க மூடிக்கொண்டது. புட்டி மருந்து வாங்கி ஊற்றினார். பாசி வெளுத்துச் செத்தது. செத்தது அழுகி உரமானது, அந்த உரத்தில் அடுத்த பாசி இன்னும் கொழுத்தது. மேயட்டும் என்று நத்தைகளை விட்டார். தொட்டியில் இருந்த துறவி நண்டுகள் நத்தைகளைத் தின்றுவிட்டு அவற்றின் ஓட்டிலேயே குடியேறின. இவ்வளவுக்கும் நடுவில் மீன்களுக்கு மூன்று வேளையும் கை நிறைய அள்ளிப் போடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்த ஜீவனைப் பசியோடு விடுவது எப்படி?

அவர் மனைவி ராய்ஹான் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் நின்று ஒன்று சொல்லாமல் போகமாட்டாள்.

"ஏங்க, உங்க கடலுக்குத் தாடி முளைச்சிருக்குங்க. ஒருநாள் சவரம் பண்ணி விடுங்க."

"சும்மா இரு. புது மருந்து சொல்லியிருக்கேன், வருது."

"கையால பிடுங்கினா என்னவாம்?"

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பிடுங்கிட்டு வர்றேன். வீட்டுலயும் பிடுங்கணுமா?"

அன்று இரவு சாப்பாடு முடிந்து தொட்டியின் அருகே போனவர், பவளத்தின் இடப் பக்கத்தில் சதை சுருங்கி, உள்ளே வெள்ளை எலும்பு தெரிவதைப் பார்த்தார். பாசி அடிவரைக்கும் ஏறியிருந்தது. இங்கே இருந்தால் இது பனி உருகும்வரை தாங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிழைக்க ஒரே இடம்தான் உண்டு, அக்கா மகன் மக்ஸாத்தின் தொட்டி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பயல் இவரைப் பார்த்துத்தான் மீன் வளர்க்க ஆரம்பித்தான். அவன் தொட்டி கழுவிவைத்த பளிங்கு மாதிரி இருக்கும்.

கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்தால், என்னால் காப்பாற்ற முடியவில்லை என்று வாயால் சொன்னதாகிவிடும். அதற்கு அவர் நாக்கு வளையாது.

இன்னொரு வழி இருந்தது. எங்கள் வழக்கத்தில் அக்கா மகன் தாய்மாமனிடம் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் இல்லை என்று சொல்லக்கூடாது. மக்ஸாத் பத்து வயதில் ஒரு குதிரைக்குட்டியைக் கேட்டு ஓட்டிக்கொண்டு போனான். கல்யாணத்தின்போது மாமனின் மோட்டார்சைக்கிளைக் கேட்டான். மூன்றாவது இன்னும் பாக்கி. அந்த மூன்றாவதுக்குப் பயந்துதான் கெஞ்செபெக் இத்தனை காலமும், மருமகன் வந்தால் பவளத்தை உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்பார். இப்போது அவன் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது. கேட்டு எடுத்துப் போனால் அது தோல்வி இல்லை, முறை. திருடன் வர மாட்டானா என்று கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பவர் நிலைக்கு மனிதர் வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டார். மக்ஸாத் வந்ததும் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றான்.

"மாமா, மேய்ச்சல் நிலம் ரொம்ப செழிப்பா இருக்கே. எத்தனை ஆடு விடலாம்?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. நடுவுல பாரு. பவளம் எப்படி இருக்கு?"

"எங்க? புல்லு மறைக்குது."

"கண்ணைத் துடைச்சுட்டுப் பாருடா. அந்தப் பொன் நுனி இந்த ஊர்ல வேற யார்கிட்ட இருக்கு, சொல்லு?"

"இருக்கு இருக்கு" என்று மக்ஸாத் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டான்.

கறி வந்தது. ஆட்டுத்தலையைக் கையிலெடுத்த கெஞ்செபெக், காதை அறுத்து மருமகன் தட்டில் வைத்தார். பெரியவர்கள் சொல்வதைக் கேட்கட்டும் என்று சின்னப் பையன்களுக்கு வைப்பது அது. மக்ஸாத் தலையில் நரை எட்டிப் பார்க்கிறது.

"நீங்க சொல்றதை நான் இன்னும் கேக்கலைன்னு நினைக்கிறீங்களா மாமா?"

"கேக்க வேண்டியதைக் கேக்க மாட்டேங்குறியே. உனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா?"

"எதுக்குடா பூட்டி வச்சிருக்க? மாமன் போனப்புறம் கல்லறையில வந்து கேப்பியா?"

மக்ஸாத் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தான். "அத்தையோட டீ கொதிக்கிற சமோவார் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு."

"அதுல கை வச்சே, கரண்டியால போடுவேன்" என்றாள் ராய்ஹான்.

"மருமகனை அடிச்சா கை நடுங்குமாம் அத்தை."

"உங்க மாமாவுக்குத்தான் அந்தச் சாபம். எனக்கு என்ன? சரி, உன் வீட்டுல பாசி திங்கிற ஓரா மீன் ரெண்டு இருக்கில்ல, அதைக் கொண்டுவந்து இவர் தொட்டியில விடேன்டா."

"பாசி தீந்துதுன்னா அது பவளத்தைக் கடிக்கும் அத்தை. அப்புறம் மாமா என்னைக் கடிப்பார்."

கெஞ்செபெக்குக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்து தொட்டிக்குப் போனார். சுருங்கிய பக்கத்தைக் கண்ணாடியின் மேல் விரல் வைத்துத் தொட்டார். குரல் இறங்கிவிட்டது.

"கேளுடா. சும்மா கேளு. மாமன் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

மக்ஸாத் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். மாமனின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி மாமா. மூணாவதைக் கேக்குறேன்."

கெஞ்செபெக்குக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் இனி இந்த மூலையில் அந்தப் பொன் ஆடாது.

"உங்க தொட்டியில இருக்குற பாசி. அம்புட்டும் எனக்கு வேணும்."

"எது?"

"பாசி. என் ஓரா மீனுங்க சுத்தமான தொட்டியில பட்டினி கிடக்குதுங்க. வேரோட வேணும், ஒரு இழை குறையக் கூடாது. மருந்து பட்டது ஆகாது, மீனுக்கு ஒத்துக்காது. தொட்டியில முத்தின பாசியும் வேணாம், அன்னன்னைக்குப் பிடுங்கி வைங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

"டேய், விளையாடுறியா? குதிரை கேட்ட வாயாடா இது?"

"இல்லைன்னு சொல்றீங்களா மாமா?"

சொல்ல முடியாது. ராய்ஹான் வாயில் முந்தாணை இல்லாத குறைக்குக் கைத்துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

மறுநாள் சாயங்காலம் பல் மருத்துவர் கெஞ்செபெக் இடுக்கியும் பல்துலக்கியும் வளைந்த ஊசியுமாகத் தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். தன் பாசி என்றால் விட்டிருப்பார். இப்போது அது மருமகன் சொத்து. சொத்தில் குறை வைத்தால் பரம்பரைக்கே கெட்ட பெயர். ஒவ்வொரு பாறையாக வெளியே எடுத்து, உப்புத்தண்ணீரில் அலசித் தேய்த்தார். புது மருந்து வந்தது, பிரிக்காமல் அலமாரியில் போட்டார். தினமும் பிடுங்கிப் பார்த்தவருக்கு, இரை அதிகமாக விழுந்த மறுநாள் பாசி கூடுதலாக முளைப்பது தானாகவே கண்ணில் பட்டது. விருந்தோம்பலைக் குறைத்துக்கொண்டார்.

"வாயை நல்லா திறக்கச் சொல்லுங்க, அந்தக் கல்லை" என்பாள் ராய்ஹான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிறு ஒரு வாளி கொடுத்தார். பிறகு ஒரு சின்னக் குண்டான். குளிர் முறுகி, இறங்கி, தெருவில் பனி சேறானபோது மக்ஸாத் கையில் கொடுக்க ஒரு சிட்டிகைதான் தேறியது. தொட்டியில் பவளம் ஒரு பக்கம் வடுவோடு, மற்றபடி முழுக்க விரிந்து ஆடியது.

"முட்டாப்பயலே" என்றார் கெஞ்செபெக். "அன்னைக்கு நீ பவளத்தைக் கேட்டிருந்தா தூக்கிக் கொடுத்திருப்பேன்."

"தெரியும் மாமா. அதனாலதான் கேக்கல."

கெஞ்செபெக் மூக்கை உறிஞ்சினார். தும்மல் வருவதாகச் சொன்னார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு பையை எடுத்து மருமகன் கையில் வைத்தார். உப்புத்தண்ணீருக்குள், எலும்பறுக்கும் ரம்பத்தால் சுத்தமாக அறுத்த ஒரு பவளக் கிளை. இரண்டு தலை, பொன் நுனி.

மக்ஸாத் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"மாமா, இதுல பாசி கீசி ஒட்டியிருக்கப் போகுது."

"ஒரு இழை இருந்தா அதுவும் உன்னோடதுதான்டா. நீதானே கேட்டே?"