மண்டியிட்டிருந்த பிள்ளை

...இன்னும் நான்கு பேர், அப்புறம் பாக்கியம், அப்புறம் தன் முறை. பெஞ்சின் ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்த சௌந்திரம் எண்ணிக்கை மாறிவிடாதா என்று மறுபடியும் எண்ணினாள், மாறவில்லை. ஈஸ்டருக்கு இன்னும் இரண்டே வாரம், மார்ச் மாத வெயில் காலை ஒன்பது மணிக்கே ஜெபக்கூடத்து ஓடுகளைச் சுட ஆரம்பித்துவிட்டது. சேலத்து மிஷன் பெண்கள் டிரெயினிங் காலேஜில் படிப்பு முடித்து வாத்தியாரம்மாவாகப் போகிற ஒவ்வொருத்தியும் இன்று எழுந்து நின்று, ஆண்டவர் தன்னை எப்போது தொட்டார் என்று சாட்சி சொல்ல வேண்டும். பாடம் நடத்தத் தெரிந்தால் போதாது, உள்ளம் உருவாக வேண்டும் என்பது பெண்கள் மிஸ்ஸியம்மா என்று கூப்பிடும் பிரின்சிபால் மிஸ் பிரைஸ் அம்மாளின் கண்டிப்பு. அதற்காகத்தான் இரண்டு வருஷமாக விடியற்கால மௌன வேளை, சனிக்கிழமை உபவாசம், தன் பாவத்தைத் தானே எழுதி அடுப்பில் போடுகிற வழக்கம்... எழுதினாளே, எத்தனை எழுதினாள், பொறாமை, சோம்பல், ஞாயிற்றுக்கிழமை துணி தைத்தது, பாக்கியத்தின் எண்ணெயைக் கேட்காமல் எடுத்தது. அதை மட்டும் எழுதவில்லை. எரிந்து போகிற காகிதத்தில்கூட எழுதக் கை வரவில்லை.

மூன்றாமவள் அழுகிறாள், அழுகை வந்துவிட்டால் சுலபம், மிஸ்ஸியம்மா தலையை ஆட்டுவார், எல்லாரும் ஆமென் சொல்வார்கள். ஆனால் தனக்கு அழ வேண்டிய அவசியமே இல்லையே, தன் சாட்சிதான் ஊரறிந்ததாயிற்றே. காலேஜில் சேர்ந்த முதல் நாளே, எடப்பாடிப் பக்கத்துத் தன் ஊர்ச் சபை உபதேசியார் அப்புசாமி எழுதிக் கொடுத்த கடிதத்தை மிஸ்ஸியம்மா எல்லார் முன்னாலும் வாசித்தார். பதின்மூன்று வயதில், வாந்திபேதியில் சாகக் கிடந்த தம்பியின் கட்டிலருகே உச்சிப்பொழுதிலிருந்து பொழுது இறங்கும்வரை மண்டியிட்டு ஜெபித்த பிள்ளை. அந்த ஒரு வரிக்காகக் கிடைத்த இடம், அந்த ஒரு வரிக்காகக் கட்டணமில்லாத படிப்பு. இரண்டு வருஷமாகச் சின்ன வகுப்புப் பெண்கள் பரீட்சைக்கு முன்னால் வந்து, அக்கா, எனக்காக ஜெபம் பண்ணுங்க என்று கேட்கிறார்கள், அவளும் கண்ணை மூடிக்கொள்கிறாள், மூடினால் என்ன தெரிகிறது... கயிற்றுக் கட்டில், தம்பி சின்னராஜின் ஒட்டிப்போன வயிறு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் கிழவன் முகம். மருந்து வாங்க எடப்பாடி ஆஸ்பத்திரிக்கு நடந்த அம்மா, வாசலில் நின்று திரும்பிச் சொன்னாள். "கண்ணு, நாக்கு வறளாம ஒரு கரண்டி ஒரு கரண்டியா கஞ்சித்தண்ணி ஊத்தீட்டே இரு. நிறுத்தீராத சாமி." கட்டில் தாழ்வு, நின்றால் கரண்டி எட்டவில்லை, உட்கார்ந்தாலும் எட்டவில்லை, அதனால் மண்டி போட்டாள். அதற்காகத்தான் மண்டி போட்டாள். முந்தின இரண்டு நாளும் கண் மூடவில்லை, கட்டிலின் சட்டம் நெற்றிக்குக் குளுகுளு என்று இருந்தது, ஒரே ஒரு நிமிஷம்...

யாரோ ஆமென் என்றார்கள். இன்னும் ஒருத்தி. சொல்ல வேண்டியதை நேற்றே பாடம் பண்ணியாயிற்று, தம்பியை ஆண்டவர் எடுத்துக்கொண்டார், ஆனால் என் உள்ளத்தில் சமாதானம் தந்தார், அவ்வளவுதான், இரண்டு நிமிஷம், அப்புறம் உட்கார்ந்துவிடலாம், ஜூன் மாதம் ஏதாவது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்றுவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்? பாக்கியம் பேசி முடித்து உட்கார்ந்தாள். மிஸ்ஸியம்மாவின் நீலக் கண்கள் திரும்பின, அதில் இருந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை, ஒரு அதட்டல் இருந்திருந்தால்கூடப் பாடம் பண்ணியதை ஒப்பித்திருப்பாள். எழுந்தாள். "எந் தம்பி கதை எல்லாருக்கும் தெரியுமுங்க," என்றாள், பாடம் பண்ணிய அடுத்த வரி நாக்குவரை வந்தது, வாயிலிருந்து வந்தது வேறு. "நா செபம் பண்ணலீங்க. தூங்கீட்டனுங்க. கஞ்சித்தண்ணி ஊத்தச் சொல்லி உட்டுட்டுப் போனாங்க, நா தூங்கீட்டன். அம்மா வந்து தோளப் புடிச்சு ரெண்டு தடவ உலுக்குன பொறகுதானுங்க முழிச்சேன். அப்பத் தம்பி இல்லீங்க."

வெளியே யாரோ வாளியை வைக்கிற சத்தம் கேட்டது. இப்போது மிஸ்ஸியம்மா எழுந்து வருவார், கடிதத்தைக் கிழிப்பார், பெட்டியைக் கட்டு என்பார், கட்டிவிடலாம், கட்டினால் நிம்மதி... மிஸ்ஸியம்மா எழுந்துதான் வந்தார், கன்னமெல்லாம் கண்ணீர். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பெண்களைப் பார்த்தார். "பார்த்தீர்களா பிள்ளைகளே, இதுவே மெய்யான தாழ்மை! அவ்வளவு ஜெபித்தவள், தன் ஜெபத்தைத் தூக்கம் என்கிறாள். ஆண்டவர் விழித்து ஜெபிக்கச் சொல்லியும் கெத்செமனே தோட்டத்தில் சீஷர்களும் தூங்கினார்கள். நாம் எல்லாரும் தூங்குகிறவர்களே." ஆமென், ஆமென் என்று பெஞ்சு பெஞ்சாகச் சத்தம் பரவியது, பின்வரிசையில் இரண்டு பேர் விம்மினார்கள். அவள் உட்கார்ந்தாள், உட்காரவைக்கப்பட்டாள். பாக்கியம் காதோரம் குனிந்தாள். "எப்படிடி இப்படிச் சொல்ல வந்துச்சு உனக்கு? எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"நெசமாலுமே தூங்கீட்டன் பாக்கியம்."

"ஆமா, நாம எல்லாரும் அப்படித்தானே," என்று பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொல்லியாயிற்று, உள்ளபடி சொல்லியாயிற்று, ஒருத்தர் காதிலும் விழவில்லை, இதற்கா ஆறு வருஷம் பயந்தோம்... சிரிப்பு வருமோ என்று பயந்து உதட்டைக் கடித்தாள். ஆனால் தன் காதில் விழுந்திருந்தது. ரெண்டு தடவ உலுக்குன பொறகு. அதை அவள் இதுவரை வார்த்தையாக்கிப் பார்த்ததே இல்லை, தூங்கினோம் என்பதற்கு மேல் நினைவு ஒரு நாளும் போனதில்லை. ஜெபம் பண்ணுகிறவளை எதற்கு உலுக்க வேண்டும், அதுவும் இரண்டு தடவை? கண் விழித்ததும் அம்மா முதலில் என்ன செய்தாள்... முந்தானையால் சௌந்திரத்தின் கடைவாயைத் துடைத்தாள். தூக்கத்தில் வழிந்திருந்த எச்சிலை அழுத்தித் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் கட்டிலில் விழுந்து கூவினாள், அதற்குப் பிறகுதான் சனம் கூடியது, கூடினவர்களிடம்தான் சொன்னாள், எம்புள்ள மண்டி போட்டுச் செபம் பண்ணீட்டே இருந்துச்சுங்க, நா வந்து பாக்கற வரைக்கும் எந்திரிக்கலீங்க.

தெரியும். அம்மாவுக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதானா உபதேசியாரிடம் அப்படிச் சொன்னாள், ஒவ்வொரு கடிதத்திலும் செபம் பண்ணு சாமி என்று எழுதச் சொன்னாள், மகளை மன்னித்தா, அல்லது மகனை இழந்த கையோடு மகளையும் இழக்க முடியாமலா?

கூட்டம் கலைந்தது. வாசலில் மிஸ்ஸியம்மா தோளைத் தொட்டார். "சௌந்திரம், ஈஸ்டருக்கு ஊருக்குப் போகிறாய் அல்லவா? உன் சபையிலும் இதையே சொல். உன் தாயார் கேட்டு ஆனந்தப்படுவார்கள்." "சரிங்கம்மா," என்றது தன் வாய்தானா. ஊர்க் கோயிலில் பெண்கள் பக்கத்துப் பாயில், முன்வரிசையில்தான் அம்மா உட்காருவாள். அங்கே எழுந்து நின்று தூங்கீட்டனுங்க என்று சொன்னால், அதைத் தூக்கம் என்றே கேட்கப்போகிற ஒரே ஆள் அவள்தான். கேட்டு அழுவாளா, தலையைக் குனிந்துகொள்வாளா, இல்லை, எழுந்து அத்தனை பேர் முன்னாலும், இல்லீங்க, எம்புள்ள செபந்தான் பண்ணுச்சு என்று மறுபடியும்...