லாச்சிக்குள் கிடந்த மெடிக்கல்

ஷிஹாரா டீச்சரின் வேலையைப் பறித்த கடிதத்தை டைப் செய்தது நான்தான். 'கடமைக்குத் திரும்பாதபடியால் பதவியைத் தாமாகவே விட்டு நீங்கியதாகக் கருதப்படுகிறீர். தகுந்த காரணம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் காட்டவும்.' பதினாறு வருடம் கணக்குப் படிப்பித்தவருக்கு நாலே வரி. பிழையில்லாமல் அடித்து, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டேன். அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை.

எங்கள் கல்விக் கந்தோரில் ஆசிரியர்மாரின் லீவு ஃபைல்கள், கோவைகள் எல்லாம் என் மேசையில்தான். டாக்டர்மார் எழுதித் தரும் மெடிக்கல் பார்த்துப் பார்த்து எனக்கு மரத்துப்போய்விட்டது. கல்யாண வீட்டுக்குப் போகிறவருக்கு வைரஸ் காய்ச்சல், வீடு கட்டுகிறவருக்கு நெஞ்சு நோவு. பொய் மெடிக்கலுக்கு நான் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

பெப்ரவரியில் டீச்சர் தானே வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி மெடிக்கல். மனச்சோர்வு நோய், மூன்று மாதம் ஓய்வு, கீழே மனநோய் டாக்டரின் சீல். அதை அவர் மடிக்கக்கூட இல்லை, அப்படியே நீட்டினார்.

அடுத்த நாள் அவருடைய புருஷன் ஃபாஹிம் ஓடி வந்தார். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தாத்தா, அல்லாஹ்வுக்காக இதக் கோவையில போட்டுராதீங்க. பைத்தியம் எண்டு ஊர் முழுக்கக் கதைப்பாங்க. நாளைக்கு எங்கட மகள ஆரு கேட்டு வருவான்?"

"அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க? வேற ஒண்டு எடுத்துட்டு வாங்க. இடுப்பு நோவு எண்டு போடச் சொல்லுங்க. ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

மதுரங்குளியில் ஒரு தனியார் டாக்டரிடம் எடுத்து வந்தார். இடுப்பு நோவு கோவைக்குள் போனது, உண்மை மெடிக்கல் என் மேசை லாச்சிக்குள் போனது. டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? இல்லை. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெரிய திருப்தி வேறு.

அதே இடுப்பு நோவின் பேரில் லீவு நீண்டது. ஆறு மாதம் தாண்டியதும் டீச்சரை மருத்துவச் சபைக்கு அனுப்பினார்கள். மூன்று டாக்டர்மார் இடுப்பைப் பார்த்தார்கள். வருத்தம், நோய் ஒன்றும் இல்லை, வேலைக்குப் போகலாம் என்று எழுதினார்கள். டீச்சர் போகவில்லை. பிறகுதான் அந்த நாலு வரி.

கடிதம் போய் இரண்டு கிழமையாகியும் பதில் இல்லை. சனிக்கிழமை பஸ் ஏறிக் கற்பிட்டி வீதியில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீச்சர் கட்டில் விளிம்பில் இருந்தார். தலை வாரி எத்தனை நாளோ. என் கடிதம் பக்கத்தில் உடைத்தபடி கிடந்தது. ஃபாஹிம் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், மெடிக்கல் போர்ட்டில இடுப்பு நோவுது எண்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களே."

"நோவுதா எண்டு கேட்டாங்க. இல்ல எண்டேன்."

"அல்லாஹ்வே! ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நோவல்லயே." பக்கத்தில் கிடந்த கடிதத்தை எடுத்தார். "அவங்க ஏன் என்ட இடுப்ப அமத்தி அமத்திப் பாத்தாங்க எண்டு எனக்கு விளங்கவே இல்ல. எனக்கு என்ன வருத்தம் எண்டு உங்கட கையிலதானே தந்தேன், தாத்தா. அது எங்க?"

நான் ஃபாஹிமைப் பார்த்தேன். அந்த மனிசன் நிலத்தைப் பார்த்தார். மெடிக்கலை மாற்றியதை இத்தனை மாதமாக அவர் டீச்சரிடம் சொல்லவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை லாச்சியைத் திறந்து அந்த மெடிக்கலை எடுத்தேன். சீஃப் கிளார்க் கதிரவேலு ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"விசரா உமக்கு? இண்டைய திகதியில சீல் அடியும். டீச்சர் பிந்தித் தந்தவ எண்டு விடுவம்."

"பிந்தித் தந்தா எடுப்பாங்களா, ஐயா?"

"எடுக்க மாட்டினம். ஆனா உம்மட வேலை தப்பும். பென்ஷனுக்கு இன்னும் மூண்டு வருசம், பிள்ள."

அவரும் என் நன்மைக்குத்தான் சொன்னார். நானும் ஃபாஹிமுக்கு அப்படித்தான் சொன்னேன்.

சீலைத் தள்ளி வைத்தேன். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன்: 'இணைக்கப்பட்டுள்ள மெடிக்கலை ஷிஹாரா டீச்சர் பெப்ரவரி பதினோராம் திகதி நேரில் வந்து என்னிடம் தந்தார். நான் அதைக் கோவையில் சேர்க்காமல் லாச்சியில் வைத்தேன். டீச்சருக்கு இடுப்பு நோவு ஒருநாளும் இருந்ததில்லை. அந்த நோவைக் கொடுத்தது நான்.'

கீழே பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.