தக்பீர் கட்டிய கைகள்

சடலம் கிடத்திய சந்தூக்கு இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. முன்பக்கம் பிடித்தவர்கள் கீழ்ப்படியில் நின்றார்கள். பின்பக்கம் பிடித்த ஷரீஃப் மாமாவும் இன்னொருவரும் மேல்படியில். நடுவில் மெஹபூப் பாஷா வெள்ளைக் கஃபன் துணிக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார்.

"சாய்க்காத! சாய்க்காதடா!"

"நான் எங்க மாமா சாய்க்கிறேன், செவுரு இடிக்குது."

"தலைப் பக்கம் தூக்கு."

"எது தலைப் பக்கம்?"

ஆஃப்ரீன் மேலே வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மய்யித்தோடு பெண்கள் போவதில்லை. வாசல் வரைதான் அவளுக்கு. அங்கிருந்து பார்க்கும்போது அப்பாவின் பாதங்கள் துணிக்குள் மரச்சட்டத்தில் அழுந்தியிருப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சரிந்தால் மொத்த உடம்பும் படிக்கட்டில் உருளும்.

அப்பாவுக்குப் பெரிய உடம்பு. அதை அவர் மறைத்ததில்லை. "இது சும்மா வந்துச்சா? எல்லாம் பிரியாணியில கட்டுன பில்டிங்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். விடியற்காலையில் மூச்சு நின்ற அந்த உடம்பைச் சாயங்கால அசர் தொழுகைக்குள் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோக வேண்டும், இருட்டுவதற்குள் அடக்க வேண்டும். படிக்கட்டைத் தாண்டினாலும் சந்து முனையில் மெட்ரோ வேலைக்கு வெட்டிய பள்ளம் இருந்தது. ஒற்றை ஆள் நடக்கிற பலகைதான் வழி. பள்ளிவாசல் வண்டி அந்தப் பக்கம், கச்சேரி ரோட்டில் நின்றது.

ஜீஷான் இருந்திருந்தால் தலைப் பக்கம் அவன் பிடித்திருப்பான். ஒரே மகன். தோஹாவிலிருந்து காலையில் போனில் அழுதான். "லீவு கேட்டுக்கினு கீறேன்" என்றான். கிடைத்தாலும் அசருக்குள் எந்த விமானம் வரும்?

அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடிதான் அப்பாவின் கடைசிக் காலம் போனது. மிக்ஸி ரிப்பேர் கடையை மூடிய பிறகு அவருக்கு வேறு வேலை இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே ஹெல்மெட்டும் பச்சை மேல்சட்டையுமாக வேலை செய்கிற வடநாட்டு ஆட்களைத் திட்டுவார். "டேய், அந்தப் பக்கம் தூக்குடா! சோறு துன்றியா, மண்ணு துன்றியா?" பிறகு உள்ளே திரும்பி அம்மி ஷகீலாவிடம் சொல்வார்: "எம் புள்ளைய பாரு. தோஹாவுல ஏசி ரூம்புல ஒக்காந்துக்கினு கீறான். இதுங்களும் பொழைக்கத்தான் வந்து கீதுங்க."

சட்டென்று ஜன்னல் கண்ணாடிகளின் நடுக்கம் நின்றது. கீழே இயந்திரத்தை யாரோ அணைத்திருக்கிறார்கள். பகல் நேரத்தில் அந்தச் சந்து இப்படி அமைதியாக இருந்து நாளாயிற்று. எங்கோ குக்கர் விசில் கேட்டது. அப்புறம் படிகளில் கனமான பூட்ஸ் சத்தம்.

ஆறேழு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். திருப்பத்தில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றியின் பாதியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கருகிய முகம், மேலே வேறு யாருடையதோ போல வெளுத்த நெற்றி.

ஷரீஃப் மாமா மூச்சு வாங்கிக்கொண்டே தன் நல்ல உருதுவை எடுத்தார். "பாய் சாஹப், ஆப் லோக் ஜரா..."

"தமிள்லயே சொல்லு நைனா. புரியும்."

"தூக்க முடியலப்பா."

"யாரு? மேலேர்ந்து திட்டுவாரே, அந்தப் பெரியவரா?"

மாமா தலையாட்டினார்.

வந்தவர் பின்னால் திரும்பித் தன் ஆட்களிடம், "ஃபோர்மேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. குனிந்து பூட்ஸைக் கழற்றினார்கள்.

"இனிமே யாரும் பேச வேணாம். பேசினா ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பீங்க. என் கைய மட்டும் பாருங்க."

"கலிமா சொல்லணுமேப்பா."

"மனசுல சொல்லு நைனா."

பாரம் தூக்குகிற அகலமான பட்டைகளைச் சந்தூக்கின் அடியில் கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். அவர் கீழ்ப்படிகளில் பின்பக்கமாக இறங்கியபடி கையை உயர்த்தினார். விரல் மேல்நோக்கிச் சுழன்றது. சந்தூக்கு எழுந்தது, கைப்பிடிச் சுவருக்கும் மேலே. உள்ளங்கை விரிந்தது. நின்றது. பாதிப் பெட்டி படிக்கட்டின் நடுவில் அந்தரத்தில் நீண்டு, மெல்லத் திரும்பி, அடுத்த படிவரிசைக்குள் போனது. சுவரில் ஒரு உரசல் கூட இல்லை. காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த ஷரீஃப் மாமா வாயை மூடிக்கொண்டு, பிடித்த இடத்தில் பிடித்தபடி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

ஆஃப்ரீன் பால்கனிக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள்.

பலகையைக் காணோம். பள்ளத்தின் மேல் இரும்புத் தகடுகளைப் போட்டிருந்தார்கள். அவர் அதன் மேல் பின்னால் நடந்தார், ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்காமல். இடது உள்ளங்கையை அசையாமல் நிறுத்தி, அதன் கீழே வலது கை விரலை மிக மெதுவாகச் சுழற்றினார். இரண்டு ஓரங்களிலும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வரிசையாக ஆட்கள். கிரேனின் கூண்டில் இருந்தவன் கூட இறங்கி நின்றான். சந்தூக்கு தண்ணீரில் மிதப்பதுபோல மட்டமாகப் போனது.

உயிரோடு இருந்தவரை அப்பாவை யாரும் இவ்வளவு கவனமாக எங்கேயும் கொண்டுபோனதில்லை. ஆட்டோக்காரர்கள் அவரைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுவார்கள். ஆஃப்ரீனுக்கு அழவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

வண்டிக்குள் சந்தூக்கு இறங்கியதும் அவர் நேராக நின்று, இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். மற்றவர்கள் அப்படியே உறைந்து நின்றார்கள்.

"பாத்தியாடி? நம்மாளுதான்" என்றாள் பக்கத்து வீட்டு தபஸ்ஸும். "தக்பீர் கட்டிக்கினு நிக்கிறான் பாரு."

தொழுகைக்கு நிற்பது போலத்தான் இருந்தது.

வண்டி போன பிறகு அவர் திரும்ப மாடியேறி வந்தார். ஒரு பட்டை திருப்பத்திலேயே கிடந்தது. ஆஃப்ரீன் இறங்கிப்போய் எடுத்துக் கொடுத்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் பெயரைக் கேட்டாள்.

"சுக்தேவ். ஜார்கண்ட்."

"எங்கப்பா உங்கள ரொம்பத் திட்டி கீறாரு."

"சரியாத்தான் திட்டுவாரு. சாயுதுன்னு அவரு சொன்னா, சாயத்தான் செய்யும்." பட்டையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்கப்பாவ ஊர்ல எவனோதான் தூக்கினான்மா. நான் அப்ப இங்க பள்ளத்துல இருந்தேன்."

இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிகள் மறுபடி நடுங்க ஆரம்பித்தன.

அடக்கம் முடிந்து ஆண்கள் வந்து போனார்கள். மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஜீஷான் வீடியோவில் வந்தான். எப்போதும் போல வெள்ளைச் சுவருக்கு முன்னால், முகம் மட்டும்.

"எப்டி எறக்குனாங்க? அந்தத் திருப்பத்துல பீரோவே வராதே."

"மெட்ரோ ஆளுங்க வந்தாங்கண்ணா. ஒருத்தரு வாயே தொறக்கல. எல்லாம் கையாலதான். இப்டி ஒரு கைய ஆடாம வெச்சிக்கினு, அதுங் கீய வெரல இப்டி..."

"மெதுவா எறக்கு" என்றான் ஜீஷான்.

அவள் அதைக் கவனிக்காமல் தொடர்ந்தாள். "கடைசியில தக்பீர் கட்டினாருண்ணா. பேரு கேட்டா சுக்தேவுங்கிறாரு. அதான் எனக்குப் புரியல."

"அது தக்பீர் இல்ல. எல்லாத்தையும் அப்டியே பூட்டு, ஒண்ணும் அசையக் கூடாதுன்னு அர்த்தம். கிரேன்காரனுக்குக் காட்டுறது."

சொந்தத் தெருவின் பெயரைச் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

"ஏசி ரூம்புல இதெல்லாமா சொல்லிக் குடுக்கிறாங்க?" கிண்டலாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

ஜீஷான் தலையைக் குனிந்தான். நெற்றியின் பாதியில் அந்தக் கோடு. எத்தனையோ முறை பார்த்த முகம்தான்.

"எப்போலேர்ந்துண்ணா?"

"வந்ததுலேர்ந்து."

"அப்பாகிட்ட ஒரு வார்த்த..."

"அவரு பால்கனியில ஒக்காந்து சந்தோசமா திட்டிக்கினு இருந்தாரு. எதுக்குக் கெடுக்கணும்?"

போனை எதன் மீதோ சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். முதல்முறையாக அவன் முழுசாகத் தெரிந்தான். பச்சை மேல்சட்டை, முழங்கால் வரை சிமெண்ட் படிந்த பேன்ட், வரிசையாக அடுக்கிய கட்டில்கள். அவன் நேராக நின்று, இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டான். அசையவில்லை.

உள்ளறையிலிருந்து ஷகீலா வந்து ஆஃப்ரீனின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி போடாமல் அவளுக்குச் சரியாகத் தெரியாது.

"யாரு, ஜீஷானா? இன்னா பண்றான், தொழுவுறானா?"

"ஆமா அம்மி" என்றாள் ஆஃப்ரீன்.

ஷகீலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவன் முடிக்கட்டும் என்று சத்தமில்லாமல் நின்றாள்.