இஸ்திரிப் பெட்டியோடு ஜெனரேட்டர் வாங்கப் போனவள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை நீட்ட வேண்டுமென்றால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். இன்றைக்கு ஒரு கோபக்காரியின் கதை சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், அவள் கோபம் நம் மேல் இல்லை. கேட்டு முடிக்கும்போது நமக்கும் கொஞ்சம் கோபம் வந்தால் வரட்டும், கெட்டுப்போகாது.

அவள் ஒரு தையல்காரி. நாக்கு கூர்மை என்பதால் அக்கம்பக்கத்தில் ஊசி என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் கிடையாது. அவள் வீட்டுக்காரர் கொத்தனார். இருபது வருஷம் ஊராருக்கெல்லாம் சுவர் எழுப்பிவிட்டு, கடைசியில் தனக்கென்று இரண்டு அறை கட்டினார். எங்கே கட்டினார் தெரியுமா? மின்கம்பங்கள் முடிந்துபோகிற இடத்தையும் தாண்டி, யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு துண்டு நிலத்தில். அங்கேதான் அவர்களுக்குக் கட்டுப்படியானது.

மின்சார ஆபீசுக்கு மூன்று முறை மனுக் கொடுத்தாள் ஊசி. முதல் முறை, "கம்பம் வரும்மா, வரும்" என்றார்கள். இரண்டாம் முறை, கம்பம் இருக்கிறது, நட ஆள் இல்லை என்றார்கள். மூன்றாம் முறை போனபோது ஆள் இருந்தார்கள், கம்பத்தைக் காணோம். அவள் மனுவைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி, "ரெண்டையும் ஒரே நாள்ல பாக்கிற பாக்கியம் எனக்கு எப்போ சார் கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

கூரைமேல் ஒரு சின்ன சூரியத் தகடு இருந்தது. விளக்குக்கும் போனுக்கும் அது போதும். தையல் மெஷின் மோட்டாருக்குப் போதாது. இஸ்திரிப் பெட்டிக்கோ கேட்கவே வேண்டாம்.

இதில் அவளுக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஊசி முன்பு ஒரு பெரிய உடுப்பு ஆலையில் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். போன நேரம், வந்த நேரம் எல்லாவற்றையும் மேற்பார்வையாளர் அதில் குறிப்பார். ஒருநாள் நாற்பது பேர் முன்னால், "என்ன, உள்ளயே தூங்கிட்டியா?" என்று கேட்டார். அட்டையைக் கழற்றி அவர் டீ டம்ளருக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டாள். வந்த பிறகு, வீட்டிலேயே தைத்து அலைந்து திரிந்து ஓர் ஆர்டர் பிடித்தாள். ஒரு மருத்துவமனைக்கு நாற்பது வெள்ளைக் கோட்டுகள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். நேரத்துக்குக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை. கொடுக்காவிட்டால் அந்த ஆலையும் அந்த அட்டையும்தான்.

கோட்டு என்றால் காலரில்தான் எல்லாம் இருக்கிறது. காலருக்குள் ஒரு விறைப்புத் துணியைச் சூட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டின கையோடு தைக்க வேண்டும், தைத்ததைத் திருப்பி மறுபடி தேய்க்க வேண்டும். ஆகவே இஸ்திரிப் பெட்டி சூடாகவே பக்கத்தில் இருக்கும், மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று இருந்து ஒன்று இல்லை என்றால் வேலை நடக்காது.

திங்கட்கிழமை மத்தியானம் கொத்தனார் ஒரு சின்ன வேனில் ஜெனரேட்டரோடு வந்து இறங்கினார். மஞ்சள் நிறம். உடம்பில் 2000 என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருந்தது. கயிற்றை இழுத்தால் கிளம்பும் ரகம். மலிவான ஒன்று வாங்கி வாருங்கள் என்று சொல்லி அனுப்பியவள் அவள்தான். மலிவாகத்தான் வாங்கியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எப்படிங்க பாத்து வாங்கினீங்க?"

"தூக்கிப் பாத்தேன். நல்ல கனம். தட்டிப் பாத்தேன், சத்தம் கணீர்னு இருந்துச்சு."

"செங்கல் வாங்கவா உங்கள அனுப்பினேன்?"

"ஓட்டிக் காட்டினாங்கம்மா! சும்மா சிங்கம் மாதிரி உறுமுச்சு."

கயிற்றை இழுத்தார். உறுமத்தான் செய்தது. தையல் மோட்டாரைச் சொருகினாள், ஓடியது. அவள் முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்தது. இஸ்திரிப் பெட்டியையும் சொருகினாள். வெளியே உறுமிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் ஒரு கனைப்புக் கனைத்தது, இழுத்து மூச்சு விட்டது, அடங்கிவிட்டது. தையல் மெஷினின் ஊசி காலரில் பாதியில் குத்தியபடி நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி கனைப்பு. மூன்றாம் தடவை கயிறு அவர் கையோடு வந்துவிடும்போல் இருந்தது.

"இஸ்திரிப் பெட்டிய எடுத்துடு, மெஷின் ஓடும்" என்றார்.

"காலர என்ன, உங்க உள்ளங்கையாலயா தேய்க்கிறது?"

அன்றைக்கு அதோடு தையல் நின்றது.

மறுநாள் காலை அதே வேனைப் பிடித்தாள் ஊசி. ஜெனரேட்டரை ஏற்றினாள். தையல் மெஷினை ஏற்றினாள். இஸ்திரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். வெட்டி வைத்த காலர்களை ஒரு பையில் திணித்தாள். கொத்தனார், "எதுக்கு இதெல்லாம்?" என்று மெல்லக் கேட்டார். அவள் டிரைவரைப் பார்த்து, "கிளப்புங்க" என்றாள். அவரும் ஏறிக்கொண்டார்.

கடை, பேருந்துகள் திரும்புகிற முனையில் இருந்தது. வாசல் முழுக்க மஞ்சளும் நீலமுமாக ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பெரிய எண். கடைக்காரர் சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார். வாயில் சிரிப்பு எப்போதும் தயார்.

"வாங்கக்கா, என்ன பாக்கணும்?"

"பாத்தாச்சு அண்ணே. நீங்கதான் பாக்கணும்."

வாசற்படியிலேயே ஜெனரேட்டரை வைத்து, கயிற்றை இழுக்கச் சொல்லி, இரண்டையும் சொருகிக் காட்டினாள். கனைத்தது, அடங்கியது. கடைக்காரரின் சிரிப்பு அசையவில்லை.

"அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் கேட்டேனே. என்ன ஓட்டப் போறீங்கன்னு கேட்டேனா இல்லையா? தையல் மெஷின் மட்டும்னு சொன்னாரு."

ஊசி மெதுவாகத் திரும்பினாள். கொத்தனார் தரையைப் பார்த்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இஸ்திரிப் பெட்டி?"

"அது ஒரு மெஷினாம்மா? மெஷின்தான சுத்துது. சுத்துறதுதான கரண்ட் தின்னும்? பெட்டி பாட்டுக்கு சும்மா உக்காந்திருக்கு..."

என் கண்ணுகளா, சிரிக்காதீர்கள். நாள் முழுக்கச் சுற்றுகிற கலவை இயந்திரத்தோடு வேலை செய்கிற மனுஷன் அவர். சுற்றுவது உழைக்கிறது, உழைப்பது தின்கிறது. சும்மா இருந்து சூடாவதுதான் அதிகம் தின்னும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஆனால் ஊசிக்கு அன்றைக்கு இரக்கம் வரவில்லை. நடுத்தெருவில் வைத்து, "உங்களுக்குச் சுத்துறதுதான் வேணும்னா பம்பரம் வாங்கிட்டு வந்திருக்கலாமே!" என்றாள். பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொத்தனாரின் காது சிவந்தது.

கடைக்காரருக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. "அதுவும் இல்லாம, உங்க பெட்டி பழசு. அதுதான் கண்டபடி இழுக்குது" என்றவர், உள்ளே பார்த்து, "மெக்கானிக்! இந்தப் பெட்டி எவ்ளோ இழுக்குதுன்னு மீட்டர் வச்சுப் பாருப்பா" என்று குரல் கொடுத்தார்.

மெக்கானிக் வயசானவர், மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியைக் கடையின் சுவர்ப் பிளக்கில் சொருகி, ஒயரைச் சுற்றிக் கிடுக்கி மாதிரி ஒரு மீட்டரைக் கவ்வவிட்டுப் பார்த்தார். பெட்டியைத் திருப்பி அடியில் இருந்த எழுத்தையும் பார்த்தார்.

"பெட்டியில கோளாறு இல்ல. ஆயிரம் வாட் போட்டிருக்கு, அதத்தான் இழுக்குது."

"மெஷின் மோட்டாரு?" என்று கேட்டாள் ஊசி.

"அது நூறு, நூத்தம்பது."

"ரெண்டும் சேந்தாலும் இது ரெண்டாயிரம் ஆச்சே அண்ணே?"

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைக்காரர் இருமினார். துடைத்து முடித்தும் அவர் அதை மாட்டிக்கொள்ளவில்லை. "இது எண்ணூறு தாண்டாதும்மா" என்றார்.

அந்த இடத்தில்தான் ஊசியின் கோபம் திசை மாறியது. வீட்டுக்காரர்மேல் இருந்ததை அப்படியே எடுத்துக் கடைக்காரர் பக்கம் வைத்தாள்.

"அப்போ அவர் ஒண்ணு சொல்லியிருந்தாலும் ரெண்டு சொல்லியிருந்தாலும் நீ ஒட்டியிருக்கிற எண்ணுக்கு இது ஓடியிருக்கணும். அவருக்கு விவரம் பத்தாதுதான். நான் திட்டுவேன், அது எங்க வீட்டு விஷயம். அந்த மனுஷன ஏமாத்துறதுக்கு நீ யாருய்யா?"

கொத்தனார் தலையை நிமிர்த்தினார்.

"சும்மா கத்தாதீங்க" என்றார் கடைக்காரர். "அந்த எண்ணு கம்பெனிக்காரன் ஒட்டினது. பெட்ரோல் ஊத்தின மெஷின திருப்பி எடுக்கிறது இல்ல, பில்லுலயே போட்டிருக்கு. சீப்பா கேட்டா சீப்பாத்தான் கிடைக்கும்."

"சீப்பா குடு, யாரு வேணாங்கிறா? எண்ணூறுன்னு எழுதிக் குடு. எண்ணூறுதான்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்தபடி வேலைய மாத்திக்குவேன், இல்ல இன்னும் ரெண்டு மாசம் பொறுத்து வேற வாங்குவேன். ஏழைக்குச் சின்னது விக்கிறது தப்பில்ல. சின்னத பெருசுன்னு விக்கிறதுதான் திருட்டு."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவங்க சட்டைக் காலரையும் தேச்சுத் தரேன்."

சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். தையல் மெஷினின் கைச்சக்கரத்தைக் கையாலேயே சுற்றிக் காலர் ஓரம் தைக்க ஆரம்பித்தாள். ஒட்டாத காலர்தான், ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கொத்தனார் ஜெனரேட்டர் பக்கத்தில், கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டார். அவரிடம் யாரும் நிற்கச் சொல்லவில்லை.

முதலில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க ஒன்று வேண்டுமென்று சொல்லி நீல மெஷின் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். ஊசி தலை நிமிராமலே, "அண்ணே, ஒரு நிமிஷம். என்னங்க, இழுங்க" என்றாள். கொத்தனார் இழுத்தார். உறுமியது. பெட்டியைச் சொருகினாள். கனைத்தது, அடங்கியது.

"ரெண்டாயிரம்னு போட்டிருக்கு பாருங்க. என் ஒரு இஸ்திரிப் பெட்டிக்கே சாமியாடி விழுந்துடுச்சு. உங்க கோழிக்குஞ்சுக்கெல்லாம் இது சூடு குடுக்குமாண்ணே?"

கோழிப்பண்ணைக்காரர் போகவில்லை. வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். அடுத்து ஒரு சைக்கிள் கடைக்காரர் வந்தார். அவருக்கும் இழுத்துக் காட்டினார்கள். அதற்கடுத்து வந்த அம்மாளுக்குக் கோழிப்பண்ணைக்காரரே விளக்கம் சொன்னார்.

பதினோரு மணி இருக்கும். தெருவில் மின்சாரம் போனது. எதிர்க் கடைகள் எல்லாம் இருண்டன. இந்தக் கடையில் மட்டும், உள்ளே பின்பக்கம் எங்கோ ஒரு மெஷின் மெதுவாகக் கிளம்பியது. அரை நிமிஷத்தில் விளக்குகள் வந்தன. நாலு விசிறி சுற்றியது. குளிர்பானப் பெட்டி முனகியது. ஒரு கனைப்பு இல்லை, ஓர் இழுப்பு இல்லை.

ஊசியின் கை நின்றது. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து, கல்லாவைத் தாண்டி, யாரையும் கேட்காமல் பின்பக்கம் போனாள். கொல்லைச் சுவரோரம், பெயின்ட் உதிர்ந்து, ஒரு பக்கம் நசுங்கி, எண் ஒட்டாத ஒரு பழைய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை அதில் சொருகினாள். விசிறிகள் ஒரு கணம் தயங்கின, பிறகு பழையபடி சுற்றின. பெட்டி சூடேறியது.

கடைக்காரர் ஓடி வந்தார். "அது விக்கிறதுக்கு இல்லம்மா! அது கடைக்கு!"

"ஓ. நல்லது கடைக்கு" என்றாள் ஊசி. அவள் குரல் அன்றைக்கு முதல்முறையாக இறங்கியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "அப்போ வாசல்ல இருக்கிறது யாருக்கு?"

"அதானே, யாருக்கு?" என்றார் பின்னாலேயே வந்திருந்த கோழிப்பண்ணைக்காரர்.

கடைக்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரர் வாசலைப் பார்த்தார். அங்கே ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள்.

"பழசும்மா அது. எதுக்கு உங்களுக்கு?"

"அது பழசு, என்னது புதுசு. சரிக்குச் சரி. புதுசு நீ வச்சுக்கோ, ரெண்டாயிரம்னு போட்டிருக்கே, விசிறி நல்லாச் சுத்தும்."

பின்னால் நின்ற கொத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், அந்தப் பழைய மெஷினை அணைத்து, ஒயரைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கினார். இந்த முறை தட்டிப் பார்க்கவில்லை. கடைக்காரர் தடுக்கவில்லை. விளக்கு அணைந்த கடைக்குள் போய் இருட்டில் நின்றார்.

வேனில் ஏற்றும்போது மெக்கானிக் வெளியே வந்தார். "வீட்டுக்குள்ள வச்சு ஓட்டிடாதீங்க. மழைன்னாலும் சரி, திருட்டு பயம்னாலும் சரி. அந்தப் புகை வாசனையே காட்டாம ஆளைக் கொன்னுடும்" என்றார். அப்புறம் ஒரு சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மஞ்சள் மெஷின் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த எண்ணின்மேல் 800 என்று எழுதத் தொடங்கினார். அவர் வேலை என்ன ஆனதோ எனக்குத் தெரியாது, கண்ணுகளா. எங்கே போயிருந்தாலும் அந்தக் கைக்கு வேலை கிடைத்திருக்கும்.

அன்று சாயங்காலத்துக்குள் கொத்தனார் வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கமாக, நாலு புறமும் காற்றோட்டம் விட்டு ஒரு செங்கல் கூண்டு கட்டினார். மேலே தகரம். அவ்வளவு நேர்த்தியான சுவரை அவர் சம்பளத்துக்குக்கூடக் கட்டியதில்லை. ஊசி பெட்டியையும் மோட்டாரையும் ஒன்றாகச் சொருகினாள். இரண்டும் ஓடின.

"இன்னும் கோபமா?" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்.

"ஆமா."

"என் மேலயா?"

"உங்க மேலயும்தான். வரிசையில நில்லுங்க. கம்பம் நடாதவன் முன்னால நிக்கிறான், எண் ஒட்டினவன் அவன் பின்னால நிக்கிறான். உங்க முறை வர நாளாகும். அதுவரைக்கும் அந்த விறைப்புத் துணிய வெட்டிக் குடுங்க."

அவர் உள்ளே வந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அளவு பார்த்து வெட்டுகிற கை அல்லவா, கோணல் இல்லாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை நாற்பது கோட்டுகள் மருத்துவமனைக்குப் போயின. அங்கிருந்த பண்டகசாலை அம்மாள் ஒவ்வொரு காலரையும் மடக்கிப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒன்றும் உரிந்து வரவில்லை. "அடுத்த அறுபது எப்போ தருவே?" என்று கேட்டாள். திரும்புகிற வழியில் ஊசி மின்சார ஆபீஸில் இறங்கி நாலாவது மனுவைக் கொடுத்தாள். இந்தத் தடவை எழுதியது ஒரே வரி: கம்பம் வரும்வரை மாதாமாதம் வருவேன்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. உங்கள் வீட்டில் வாங்கி வைக்கிற பொருளெல்லாம் சொன்ன சொல்லுக்கு உழைக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற புகை வாசலோடு போகட்டும். வெளியாள் ஏமாற்ற வந்தால் வீட்டிலிருக்கிற எல்லாரும் ஒரே பக்கம் நிற்கட்டும். வெளிச்சமும் நல்ல கோபமும் உங்கள் வீட்டில் குறையாமல் இருக்கட்டும், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.