அப்பாவின் இடப்பக்கம்

அப்பா இறந்த மூன்றாவது வாரம் அவள் பல்கலைக்கழகப் பட்டறைக்குத் திரும்பினாள். பாதியில் விட்டுப்போன களிமண் தலை இந்நேரம் காய்ந்து வெடித்திருக்கும் என்று நினைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், வெடித்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள். வெடித்துப்போயிருந்தால் முடிவெடுக்கும் பாரம் அவளுக்கு இல்லை. மண்ணே முடிவெடுத்துவிட்டதாக இருக்கும்.

ஆனால் தலைமேல் போர்த்தியிருந்த துணி ஈரமாக இருந்தது. சொட்டச் சொட்ட அல்ல, மண் வாடாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

"யாரு இதை நனைச்சது?"

அடுத்த தடுப்பிலிருந்து ஒட்டகம் எட்டிப் பார்த்தான். நெட்டை உடம்பும் ஓயாமல் எதையாவது மெல்லும் வாயும் சேர்ந்து அவனுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்திருந்தன. அவளைப் போலவே அவனும் முனைவர் பட்டத்துக்காகத்தான் அங்கே கம்பியில் சிற்பம் முறுக்கிக்கொண்டிருந்தான்.

"நான்தான்க்கா. தினமும் காலையில வந்ததும்."

"உன்னை யாரு செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லல." மெல்லுவதை நிறுத்தினான். "காஞ்சு போச்சுன்னா திரும்ப வராதேன்னு…"

"எது திரும்ப வராதுன்னு எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

துணியை விலக்கினாள். அப்பாவின் இடப்பக்கம் அப்படியே இருந்தது. நெற்றிச் சுருக்கம், கண்ணுக்கடியில் தொங்கிய பை, சிரிப்பை அடக்கும்போது உள்ளே மடியும் உதட்டோரம். வலப்பக்கம் வெறும் மண் மேடு.

அவளுடைய ஆய்வு இதுதான்: ஆள் எதிரில் உட்கார்ந்திருக்க, அவரோடு பேசிக்கொண்டே முகத்தைச் செய்வது. புகைப்படத்தைப் பார்க்கக் கூடாது. நினைவிலிருந்தும் செய்யக் கூடாது. ஆள் எழுந்து போனால் கையும் மண்ணை விட்டுவிட வேண்டும். பேசுகிற முகத்தை விரல் தொடரும்போது கிடைக்கிற அறிவு வேறு எந்த வழியிலும் கிடைக்காது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். ஆனால் இந்தப் பட்டத்துக்கு எழுத்து மட்டும் போதாது. செய்த தலைகளையும் தேர்வாளர்கள் முன் வரிசையாக வைக்க வேண்டும். மற்றவை சூளையில் வெந்து அலமாரியில் இருந்தன. கடைசித் தலை அப்பா. அவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அவள் போட்ட சட்டம் அவள் கழுத்தையே பிடித்துக்கொண்டது.

அவளுடைய ஆய்வு நெறியாளர் அன்றே வந்தார். "மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா" என்றார். அதில் பொய் இல்லை. பிறகு களிமண் தலையை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் ஏறியது.

"இதை இப்படியே வச்சிடுங்களேன்."

"பாதிதான் சார் ஆகியிருக்கு."

"அதுதாம்மா! ஆள் போனதும் கை நின்னுடுச்சு. உங்க ஆய்வு சொல்றதுக்கு இதைவிட வேற என்ன சாட்சி வேணும்? தேர்வாளர்கள் அசந்து போயிடுவாங்க."

அவர் கெட்டவர் அல்ல. அவளுடைய காலக்கெடுவை நீட்டச் சொல்லிப் பலமுறை மேலிடத்தில் மன்றாடியவர். ஆனாலும் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவள் துணியை எடுத்து அப்பாவின் முகத்தை மூடினாள். அப்பாவின் சாவு ஆய்வுக்குத் தோதாக அமைந்துவிட்டதாம். அதைவிடக் கொடுமை, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது அதே நினைப்பு அவளுக்கும் ஒரு கணம் வந்து போயிருந்தது.

"முடியாது சார். எங்கப்பா முகத்தை அப்படிக் காட்ட மாட்டேன்."

அவர் முகம் வாடியது. "அப்போ வேற ஒரு தலை வேணும். வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது. அன்னைக்குச் சாயங்காலம் வர்றேன். முகம்னு சொல்ற மாதிரி ஏதாவது இருந்தா தேர்வுக்கு உங்க பேரை அனுப்புறேன். இல்லேன்னா… இன்னொரு தடவை போய் நிக்க எனக்கு மூஞ்சி இல்லம்மா."

வீட்டில் தம்பி, "டாக்டராகி யாருக்குக்கா ஊசி போடப் போற?" என்று பழைய கிண்டலை எடுத்துவிட்டான். அம்மாவைச் சிரிக்க வைக்கத்தான். அம்மா சிரிக்கவில்லை. அப்பா போனதிலிருந்து அவள் தூங்கவும் இல்லை. படுப்பாள், உடனே எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொள்வாள். கண்ணை மூடினால் அவர் தண்ணீர் கேட்பது போலிருக்கிறது என்பாள். தூக்க மாத்திரை கொடுத்தும் பலனில்லை.

நெறியாளர் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மாவே சொன்னாள்: "என்னைச் செய்யேன். உங்கப்பா மூஞ்சியையே செஞ்சவ. எனக்கு என்ன குறைச்சல்?"

மறுநாளே பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் அப்பாவைப் பார்க்க வேண்டுமென்றாள். துணியை எடுத்துக் காட்டினாள் மகள்.

"இந்தப் பக்கம் என்ன ஆச்சு?"

"அதுக்குள்ள போயிட்டாரும்மா."

"ஒரு வேலையையும் முடிச்சு வைக்காத மனுஷன்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூடிடு."

அன்றும் அதற்கு அடுத்த நாளும் கை ஓடவில்லை. அம்மாவின் கன்னத்தைப் பார்த்தால், இதுவும் ஒருநாள் இருக்காது என்றுதான் தோன்றியது. அப்பிய மண்ணைச் சுரண்டி எடுத்தாள், மறுபடி அப்பினாள். இரண்டாம் நாள் மாலையில் அது முகமாகவும் இல்லை, மண்ணாகவும் இல்லை. இத்தனை வருஷம் கற்றதெல்லாம் விரலை விட்டு இறங்கிப் போய்விட்டதோ என்று பயந்தாள். கடவுளே என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் அம்மா தானாகப் பேச ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் அப்பா யாருக்கும் தெரியாமல் சைக்கிள் பழகப்போய், முட்டி உடைந்து வந்து, மாடு முட்டிவிட்டது என்று சாதித்த கதை.

"எந்த மாடுன்னு கேட்டேன். கறுப்பு மாடுன்னாரு. மாட்டுக்கு செயின் எண்ணெய் எங்கேர்ந்துடி வந்தது, வேட்டியெல்லாம்?"

சொல்லும்போது அம்மாவின் புருவம் ஏறி இறங்கியது. மகளின் கட்டைவிரல் தன்னை மறந்து மண்ணில் அதன் பின்னாலேயே போனது. நெற்றி வந்துவிட்டது. அம்மாவின் நெற்றியேதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குழிக்கு இறங்கினாள். இன்னும் ஒரு மணி நேரம் இந்தக் கை இப்படியே ஓடினால் போதும்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது.

எழுப்பலாம் என்று எழுந்தாள். தோளருகே கையையும் கொண்டு போனாள். அம்மாவின் நெற்றியில் இத்தனை நாளும் இருந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது. தூங்குகிற முகத்தை வைத்துச் செய்யலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்த அதே நினைப்பின் தங்கை அது. மண் ஒட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அடுத்த தடுப்பில் கம்பி அறுக்கும் இயந்திரம் சட்டென்று நின்றது. ஒட்டகம் தன் மேல்சட்டையை மடித்துக் கொண்டுவந்து, அம்மாவின் கழுத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் மெல்லச் சொருகினான்.

"அன்னைக்கு உன்மேல கத்திட்டேன்" என்று கிசுகிசுத்தாள்.

"எப்போ கத்தினீங்க? ஒட்டகத்துக்குக் காது சின்னதுக்கா" என்றான். தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனான்.

வெளிச்சம் சாயும் நேரத்தில் நெறியாளர் வந்தார். அவள் வாசலிலேயே உதட்டில் விரலை வைத்தாள். அவர் தூங்குகிறவளைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். அதில் ஒரு நெற்றி மட்டும் இருந்தது.

"வேணும்னா அரை மணி நேரம் காத்திருக்கேன். எழுப்ப முடியாதா?"

"மூணு வாரமா தூங்கல சார்."

"என்னால இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

"தெரியும் சார்."

தாழ்ப்பாள் சத்தம் போடாதபடி கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். இனி அந்தப் பட்டம் இல்லை. அலமாரியில் இருந்த தலைகள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். கடவுளிடம் கேட்க எத்தனையோ இருந்தது. கேட்டது ஒன்றுதான்: பட்டறை வாசலில் யாரும் சத்தம் போட்டுப் பேசாமல் இருக்கட்டும்.

எழுந்ததும் அம்மா, "முடிஞ்சுதா?" என்றுதான் கேட்பாள். அவள் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, மண்ணில் இருந்த நெற்றியின் மேல் போர்த்தினாள்.