ஏழு கைகளும் ஒரு பேப்பரும்

நகராட்சி மன்றத்தில் இருபத்தோரு கவுன்சிலர்கள். அதில் ஏழு இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தபோது எங்கள் வார்டும் அந்த ஏழில் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டது என்பது என் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை. அந்த நாற்காலிக்காகப் பத்து வருடம் நல்லது கெட்டது ஒன்று விடாமல் அலைந்த மனிதர். இரண்டு நாள் வீட்டை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் என்னை நிறுத்திவிட்டார். போஸ்டரில் அவர் படம் தலையணை அளவு, என் படம் தபால்தலை அளவு. ஜெயித்தேன்.

எங்களுடையது டிரைவிங் ஸ்கூல். அவர் ஆபீஸில் ஃபாரம் நிரப்புவார். வண்டியில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது நான். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. புதிதாக வருகிறவர்கள் எப்போது அதை மிதிப்பேன் என்று குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். "என் காலப் பாக்காத, ரோட்டப் பாரு" என்று முதல் நாளே சத்தம் போடுவேன். இவ்வளவு வாய் பேசுகிறவள்தான், மன்றத்தில் எட்டு மாதம் ஒரு பேப்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூடத்தில் எதிரெதிராக இரண்டு நீள வரிசை. நடுவில், தலைமாட்டில் தலைவர். வலது வரிசைக்குப் பின்னால், மேலே பார்வையாளர் மாடம். பெண்களை உட்கார வைத்தது இடது வரிசையில், மாடத்துக்கு நேர் எதிரே. மாடத்தின் முன்வரிசையில் எங்கள் வீட்டு ஆண்கள்: ஐந்து புருஷன்மார், ஒரு கொழுந்தன், ஒரு அண்ணன். என் வீட்டுக்காரர்தான் அவர்களுக்குத் தளபதி. அவர் சுருட்டிய பேப்பரை உயர்த்தினால் எங்கள் ஏழு கையும் மேலே போகும். மடியில் வைத்தால் கீழேயே இருக்கும். "உனக்கெதுக்கு வீண் தலைவலி?" என்றார். நானும் சரி என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் தலைவருக்கு நன்றி சொல்லும் தீர்மானம். "எதிர்க்கிறவங்க யாராவது?" என்று செயலாளர் பேருக்குக் கேட்டார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. பேப்பரை ஓங்கினார். ஏழு கையும் உயர்ந்தது.

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாமாருக்கு என் மேல என்ன கோவமோ!" என்றார். டீ இடைவேளையில் நாங்கள் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எங்களில் மூத்தவர் தையல்கார அக்கா. அவர்தான் வாயைத் திறந்தார்.

"நம்ம ஏழு பேர விட அந்த ஈக்கு இங்க செல்வாக்கு ஜாஸ்தி."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம்தான் பெரிய தீர்மானம். எங்கள் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டுவது. ஆஸ்பத்திரி இல்லை என்றால் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் போகவேண்டும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால், என் நாத்தனாருக்கு எங்கள் பயிற்சி வண்டியின் பின்சீட்டில்தான் குழந்தை பிறந்தது. கேட் மூடியிருந்தது. ஸ்டியரிங்கில் நான். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர், பின்னால் திரும்பித் தங்கச்சியின் கையைப் பிடித்தபடி குழந்தை மாதிரி அழுதார்.

"ஆஸ்பத்திரி போனா போகட்டும்" என்றார் இப்போது. "பக்கத்து மைதானத்த நம்ம ஸ்கூலுக்குத் தர்றதா தலைவர் வாக்குக் குடுத்திருக்கார்."

"உங்க தங்கச்சிய மறந்துட்டீங்களா?"

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆண் கவுன்சிலர்கள் பதினான்கு பேரில் பத்துப் பேர் தலைவர் பக்கம், நாலு பேர் ஆஸ்பத்திரி பக்கம். நாங்கள் ஏழு பேரும் அந்த நாலோடு சேர்ந்தால் பதினொன்று. ஒரு கை குறைந்தாலும் ஆஸ்பத்திரி காலி.

தீர்மானத்தன்று நாங்கள் ஏழு பேரும் பேசிவைத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னதாகவே போனோம். மாடத்துக்கு நேர் கீழே, வலது வரிசையில் போய் உட்கார்ந்தோம். இனி அண்ணாந்து பார்த்தாலும் எங்களுக்கு மாடத்தின் அடிப்பலகைதான் தெரியும்.

"இது எங்க எடம்மா" என்றார் ஒரு கவுன்சிலர்.

"எங்க, பேரு எழுதியிருக்கா பாப்போம்" என்றார் தையல்கார அக்கா.

செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டோ புரட்டென்று புரட்டினார். யார் எந்த வரிசை என்று எந்த மகராசனும் எழுதிவைக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஆண்கள் எதிர்வரிசைக்குப் போனார்கள்.

மாடத்தில் ஒருவர் இரும ஆரம்பித்தார். எங்களில் சின்னவளான டீச்சரின் அண்ணன். பேப்பர் தெரியாவிட்டால் என்ன, இருமல் கேட்குமே! டீச்சர் முகம் வெளுத்தது. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் எங்கள் தோழி பையைத் துழாவி ஒரு இருமல் மிட்டாயை எடுத்து, பியூனிடம் கொடுத்தாள்.

"மேல இருமுறாரே, அவருக்குக் குடுங்க. பாவம்."

எதிர்வரிசையே சிரித்தது. இருமல் நின்றது.

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எதிரே பத்துக் கை உயர்ந்தது. செயலாளர் எங்களைப் பார்த்தார். ஒரு கையும் அசையவில்லை. எதிரே இருந்தவர்களின் கண்ணெல்லாம் மாடத்தில். மேலும் கீழுமாகப் போய்வந்த அந்தக் கண்களைப் பார்த்தே, என் வீட்டுக்காரர் பேப்பரை என்ன பாடு படுத்துகிறார் என்று தெரிந்துகொண்டேன். பிறகு கைப்பிடிக் கம்பியில் பேப்பர் பட் பட்டென்று அடித்தது.

"ஏய்! தூக்கு!"

தலைவருக்கு வேறு வழியில்லை. "மாடத்துல அமைதி!" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதிர்க்கிறவங்க?"

எதிரே நாலு கை. நான் தூக்கினேன். என் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு. டீச்சரின் கை மட்டும் மடியிலேயே இருந்தது. கழுத்தை வளைத்து மேலே பார்க்கப் போனாள். அவள் என்னிடம் வண்டி கற்றுக்கொள்பவள்.

"ரோட்டப் பாரு!" என்றேன். கூடம் முழுக்கக் கேட்டது.

விருட்டென்று நிமிர்ந்தாள். கை ஜிவ்வென்று மேலே போனது.

"எதிர்ப்பு பதினொண்ணு, ஆதரவு பத்து. தீர்மானம் தோல்வி" என்றார் செயலாளர். தையல்கார அக்கா மேஜையைத் தட்டிய தட்டில் மை டப்பா கவிழ்ந்தது. டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு இறங்கிய கையை மறுபடியும் தூக்கவேண்டும் போல இருந்தது. தூக்கினேன், சும்மாவே. அவ்வளவு சந்தோஷம்.

வெளியே வண்டியருகில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். நான் வழக்கமாக உட்காரும் பயிற்சி சீட்டில் ஏறிக்கொண்டார். ஓட்டினேன். ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பியபோது வண்டி சடக்கென்று குலுங்கி நின்றது. அவர் கால் பிரேக்கில் இருந்தது.

"கால எடுங்க."

எடுக்கவில்லை. மடியில் கசங்கிக் கிடந்த பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி போன் பண்ணா" என்றார் கடைசியில். "விஷயம் தெரிஞ்சு அழுதா. நான் சொல்லித்தான் நீங்க ஏழு பேரும் கை தூக்குனீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன், எல்லாம் உன் அண்ணிதான்னு சொன்னேன்."

பேப்பரைப் பின்சீட்டில் எறிந்தார். பிறகு செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் மேலே மடக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"போ" என்றார்.

போனேன்.